மஸ்கட்டில் ஆஸ்பத்திரி தேடும் மகனுக்கு

தம்பி,

நீ அனுப்பின மெயிலை எடுக்க நேத்து பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தேன். அங்க இருக்கிற பொண்ணு பதினொரு பக்கத்தையும் பிரிண்ட் போட்டு, வரிசையா அடுக்கி, கவர்ல வச்சுக் கொடுத்துச்சு. கொடுக்கும்போது, "என்ன சிஸ்டரம்மா, மகன் கல்யாண மண்டபம் எதுவும் பாக்காகளா?"ன்னு கேட்டுச்சு. அது கேட்டதுல தப்பே இல்ல. வாசல்ல நீரூற்று, உள்ள பூச்சாடி, தோல் சோபா, தரை வரைக்கும் திரைச்சீலை. மூணு ஆஸ்பத்திரியோட படமும் அனுப்பியிருக்கே, ஒண்ணுலகூட ஒரு நோயாளியைக் காணோம். வீட்டுக்குக் கொண்டாந்து அப்பாகிட்ட கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு பக்கமா நிதானமாப் பார்த்தாங்க. கடைசிப் பக்கத்தை மூடிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கட்டில் எங்கன போட்டிருக்காக?"ன்னு கேட்டாங்க.

நாங்க ரெண்டு பேரும் சுகமா இருக்கோம். அப்பா காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, நடுவுல உப்புக் குறைச்சதுக்காக என்னோட ஒரு சண்டைன்னு பொழுதைப் போக்குறாங்க. நான் ரிட்டயர் ஆன பிறகும் தெருவுல பாதிப் பேர் ஊசி போட்டுக்க என்கிட்டதான் வர்றாங்க. அதனால எங்களைப் பத்திக் கவலைப்படாம நீ மேல படி. மெயிலோட கடைசியில எழுதியிருக்கே: "அம்மா, முப்பத்திரண்டு வருஷம் நர்ஸா வேலை பார்த்தவங்க நீங்க. மூணுல எதுன்னு ஒரே ஒரு பேரு சொல்லுங்க. பெனிட்டாவை அங்கயே சேர்த்துடுறேன். அவளுக்கும் சம்மதம்தான்." இதைப் படிச்சதும் எனக்கு ஒரு பக்கம் பெருமையா இருந்துச்சு. உன் பொண்டாட்டியோட முதல் பிரசவத்துக்கு என் யோசனையைக் கேக்குறியே. இன்னொரு பக்கம் பழசு ஒண்ணு வந்து உறுத்துச்சு. இதே மாதிரி ஒரு பேரைச் சொல்லச் சொல்லி நாலு வருஷத்துக்கு முன்னாடி உன்கிட்ட நான் கேட்டேன், ஞாபகம் இருக்கா? அப்பாவோட நெஞ்சு ஆபரேஷனுக்கு. அந்தக் கதையில உனக்குத் தெரிஞ்சது பாதிதான். தெரிஞ்ச பாதியிலயும் கொஞ்சம் நான் சொன்ன பொய். அதைச் சரி பண்ணாம உனக்கு இப்ப யோசனை சொல்ல என் மனசு இடம் கொடுக்கல. அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன். வெள்ளிக்கிழமை லீவுல உக்காந்து படி.

அந்த வருஷம் நீ மஸ்கட் பிரஸ்ல சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு. இங்க தீபாவளி சீசன். அப்பா எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனியில ஃபோர்மேன். சீசன்ல அப்பாவை வீட்டுல பார்க்கிறதே அபூர்வம்னு உனக்குத் தெரியும். விடியிறதுக்குள்ள கம்பெனி வேன்ல ஏறினா, லோடு அனுப்பிட்டுத்தான் இறங்குவாங்க. ஒருநாள் சாப்பிட உக்காந்தவங்க நெஞ்சைத் தடவிக்கிட்டு, "வாயு பிடிச்சிருக்கு போல"ன்னாங்க. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அலமாரியில இருந்த வெள்ளை மருந்தை ரெண்டு மூடி ஊத்திக் கொடுத்தேன். மறுநாளும் கொடுத்தேன். பத்து நாள் கொடுத்தேன், தம்பி. வார்டுக்கு ஒருத்தர் நெஞ்சைத் தடவிக்கிட்டு வந்தா, பேரைக் கேக்குறதுக்கு முன்னாடி ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்றவ நான். சொந்தப் புருஷன் தடவினப்போ வாயுன்னு நம்பினேன். நம்புறது வசதியா இருந்துச்சு. சீசன் முடியட்டும்னு அவங்க நெனச்சாங்க, அவங்க சொல்றது உண்மையா இருக்கட்டும்னு நான் நெனச்சேன். என் வேலையில நான் செஞ்ச தப்புகள்லயே பெரிய தப்பு அதுதான். அதை வீட்டுக்குள்ளயே செஞ்சேன்.

பதினோராம் நாள் கம்பெனியில பட்டாசு மருந்து கலக்குற அறை வாசல்ல அப்பா வேர்த்து உக்காந்துட்டாங்க. வேன் டிரைவர் மாரியப்பன்தான் அப்படியே தூக்கிப் போட்டுக்கிட்டு நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே கொண்டாந்தான். எங்க பெரிய டாக்டர் ஈ.சி.ஜி.யைப் பார்த்துட்டு என்னைப் பார்த்தார். "சிஸ்டர், இது இன்னைக்கு ஆரம்பிச்சது இல்லையே"ன்னார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். மதுரைக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தக்குழாயில படம் எடுத்துப் பார்த்துடுங்க, ஆபரேஷனா இருந்தாலும் அங்கயே முடிச்சுக்கலாம்னு சொல்லி, ரெண்டு தனியார் ஆஸ்பத்திரி பேரை ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்தார். ஒண்ணு புதுசா கட்டின கண்ணாடிக் கட்டிடம். இன்னொண்ணு சந்துக்குள்ள இருந்த பழைய மூணு மாடி. ரெண்டுலயும் நல்ல டாக்டர்கள்தான், உங்களுக்கு எது தோதோ அங்க போங்கன்னு சொன்னார்.

அந்தச் சீட்டைக் கையில வச்சுக்கிட்டுத்தான் உனக்குப் போன் போட்டேன். நீ பதறிப்போய், வேலையை விட்டுட்டு இன்டர்நெட்ல உக்காந்து தேடி, ரெண்டு மணி நேரத்துல திரும்பக் கூப்பிட்டே. "அம்மா, அந்தப் புது ஆஸ்பத்திரிதான். வெளிநாட்டுல இருந்தெல்லாம் அங்க வர்றாங்க. வேற யோசனையே வேண்டாம்"னு சொன்னே. நானும் சரின்னேன். ஏன் சரின்னேன்னு இன்னைக்குச் சொல்றேன். முதல் காரணம், "மஸ்கட்ல இருந்து மகன் பார்த்துச் சொன்ன ஆஸ்பத்திரி"ன்னு ஞாயித்துக்கிழமை ஆலயத்துல நாலு பேர்கிட்ட சொல்லிக்கலாம். இது அற்பமான காரணம், மன்னிச்சுடலாம். ரெண்டாவதுதான் எனக்கே சொல்லக் கூச்சமா இருக்கு. நான் ஒரு ஆஸ்பத்திரியைச் சொல்லி, அங்க அப்பாவுக்கு ஏதாவது ஆயிட்டா, நர்ஸா இருந்தும் இப்படிப் பண்ணிட்டாளேன்னு ஊரு சொல்லும். நீ சொல்லி ஆனா, பாவம் புள்ளை தூரத்துல இருந்து நல்லதுன்னு நெனச்சுச் செஞ்சான்னு சொல்லும். அந்தச் சுமை உன் தலையில போகட்டும்னு மனசோட ஒரு மூலையில நான் நெனச்சேன். கடலுக்கு அந்தப் பக்கம் தனியா உக்காந்திருந்த இருபத்தாறு வயசுப் புள்ளை மேல ஏத்தி வச்சேன். நீ இப்ப என்கிட்ட ஒரே ஒரு பேரு கேக்குறப்போ, இதுவும் அதுதானோன்னு எனக்குப் பட்டுச்சு. கோவிச்சுக்காதே. என்கிட்ட இருந்துதானே உனக்கு அந்தக் குணம் வந்திருக்கும்.

சரி, கதைக்கு வர்றேன். கண்ணாடி ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பார்த்தாங்க. மூணு இடத்துல அடைப்பு. பைபாஸ் பண்ணணும், அதுவும் அந்த வாரமேன்னு டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார். நீயும் போன்ல அவர்கிட்ட பேசினே. அப்பா பயந்துருவாங்க, அவங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு நீயும் நானும் பேசி முடிவு பண்ணினோம். டாக்டர்கிட்டயும் அப்படியே கேட்டுக்கிட்டோம். அவர் யோசிச்சார், ஆனா நானும் ஒரு நர்ஸ்னு தெரிஞ்சதால ஒத்துக்கிட்டார். அப்பாகிட்ட, "சின்ன அடைப்புதான், சரி பண்ணிடலாம்"னு சொல்லிவச்சோம். அப்பாவும் ஒண்ணும் கேக்கல. தன்னோட கட்டில்ல உக்காந்துக்கிட்டு வர்றவங்க போறவங்களை எல்லாம் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. ஒரே ஒரு தடவை, "ஆபத்துன்னா வெளியேறணுமே, அந்தப் படிக்கட்டுக் கதவைப் பூட்டுப் போட்டு, முன்னாடி அட்டைப்பெட்டி அடுக்கி வச்சிருக்காகளே"ன்னு சொன்னாங்க. பட்டாசு ஃபோர்மேனுக்குக் கண்ணு அங்கதான் போகும்னு நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மத்தியானம் நீ ஆஸ்பத்திரிக் கீழ்மாடி போனுக்குக் கூப்பிட்டே. அப்போ என்கிட்ட செல் இல்லையே, அதனால நான் இறங்கி வந்து உன்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன். மேல, அப்பாவுக்குச் சவரம் பண்ண ஆஸ்பத்திரி ஆள் ஒருத்தர் வந்திருக்கார். நெஞ்சை முடிச்சிருக்கார். அப்புறம் வேட்டியைத் தூக்கச் சொல்லி இடது காலுக்கு சோப்புப் போட்டிருக்கார். ஒரு கால் முடிஞ்ச பிறகு அப்பா கேட்டிருக்காங்க: "நெஞ்சுல தானய்யா வேலை? காலை எதுக்குச் செரைக்கீக?" அந்த ஆள் வெகுளி. "கால்ல இருந்து ரத்தக்குழாயை உருவித்தானங்கய்யா நெஞ்சுல வச்சுத் தைப்பாக. நெஞ்செலும்பை அறுத்துத் தொறக்கணும்ல? உங்ககிட்ட சொல்லலையா?"ன்னு கேட்டுட்டு, வலது காலுக்கு சோப்புக் குழைக்கப் போயிருக்கார். அவர் குழைச்சுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கையில கட்டில்ல ஆள் இல்ல.

நான் மேல வந்து பார்த்தப்போ அந்த ஆள் கையில பிரஷ்ஷோட நிக்கிறார், நர்ஸ் பொண்ணுங்க கக்கூஸ் கக்கூஸா தட்டிக்கிட்டு இருக்காங்க. எனக்கு உசிரே இல்ல. லிஃப்ட்ல, கேன்டீன்ல, ஜெப அறையில, எல்லா இடமும் ஓடினேன். கடைசியில வாசல் வாட்ச்மேன் சொன்னான்: "வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில மஞ்சப் பையோட ஒரு பெரியவரு போனாருங்கம்மா. நான்தான் சல்யூட் அடிச்சு ஆட்டோ கூப்பிட்டுக் கொடுத்தேன்." வீட்டுக்குத்தான் போயிருப்பாங்கன்னு ஏறின விருதுநகர் பஸ்ல ஒரு மணி நேரம், நான் பண்ணாத ஜெபம் இல்ல. வழியில எங்கயாவது நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்திருப்பாங்களோன்னு ஜன்னல் வழியா ரோட்டையே பார்த்துக்கிட்டு வந்தேன். வீட்டுக் கதவு தொறந்து கெடந்துச்சு. அப்பா நாற்காலியில உக்காந்து, வேட்டியை முழங்காலுக்கு மேல சுருட்டிக்கிட்டு, ரெண்டு காலையும் ஸ்டூல்ல நீட்டி வச்சு, ஒண்ணையும் இன்னொண்ணையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு கால் குழந்தைக் கால் மாதிரி வழவழன்னு இருந்துச்சு, இன்னொண்ணு எப்பவும் போல காடு. பக்கத்துல புரோட்டா பார்சல் ஒண்ணு, பிரிக்காம இருந்துச்சு. "வாங்குனேன். ஆனா நீ வந்து கத்துவேன்னு பயந்து பிரிக்கல"ன்னாங்க.

நான் கத்தினேன், அழுதேன், சிரிச்சேன், மறுபடி அழுதேன். அப்பா எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு, காலைக் கீழ இறக்கி வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டு ஒரு வார்த்தை சொன்னாங்க. "இந்தா பாரு. முப்பத்தஞ்சு வருஷமா நான் மருந்து அறைக்குள்ள ஆளை அனுப்பிக்கிட்டு இருக்கேன். உள்ள என்ன மருந்து இருக்கு, எம்புட்டு இருக்கு, என்ன ஆனா எந்தப் பக்கம் ஓடணும், இம்புட்டையும் சொல்லாம ஒருத்தனைக்கூட உள்ள விட்டதில்ல. எழுதப் படிக்கத் தெரியாதவகளுக்கும் சொல்லித்தான் விட்டிருக்கேன். என்னைய மட்டும் நீயும் உம் மகனும் சொல்லாம உள்ள அனுப்பப் பாத்தீகளே." அவங்க குரல்ல கோவம் இருந்திருந்தா தாங்கியிருப்பேன். வருத்தம்தான் இருந்துச்சு. நான் அவங்க பக்கத்துல தரையில உக்காந்து, எல்லாத்தையும் சொன்னேன். எத்தனை அடைப்பு, எங்க அடைப்பு, எப்படி அறுப்பாங்க, எத்தனை நாள் வலிக்கும், பொழைக்காமப் போகவும் வாய்ப்பு இருக்குன்னு எல்லாம். அந்த வெள்ளை மருந்து கதையையும் சேர்த்துச் சொன்னேன். அப்பா கேட்டுட்டு, "வாயுன்னு முதல்ல சொன்னவன் நான்தானே. உனக்கு எதுக்கு அதுல பங்கு?"ன்னாங்க.

உனக்கு அன்னைக்கு நான் போன்ல சொன்னது என்ன? "டாக்டர் அவசரமா வெளியூர் போயிட்டார், ஆபரேஷன் தள்ளிப்போயிருக்கு." நீ அதை நம்பி அந்த ஆஸ்பத்திரிக்குக் காரசாரமா மெயில் அனுப்பினே. இன்னைக்கு வரைக்கும் யாராவது அவங்க பேரை எடுத்தா திட்டுறே. இனிமே திட்டாதே. கதவைப் பூட்டி வச்சதைத் தவிர அவங்க மேல தப்பு இல்ல. சொல்ல வேண்டாம்னு சொன்னது நாமதான். மறுநாள் நானே போய் மன்னிப்புக் கேட்டு, அப்பாவோட படத்தையும் பேப்பர்களையும் வாங்கிட்டு வந்தேன். சவரம் பண்ண வந்த ஆளைக் கண்டிச்சுடாதீங்கன்னும் சொல்லிட்டுத்தான் வந்தேன்.

அப்புறம் அப்பாவே ஆஸ்பத்திரி பார்க்கக் கிளம்பினாங்க. எங்க பெரிய டாக்டர் மாத்திரை கொடுத்து, "ரெண்டு மூணு நாளைக்கு மேல இழுத்தா நான் பொறுப்பு இல்ல"ன்னு பயமுறுத்தி அனுப்பினார். மாரியப்பன் வேன்ல சந்துக்குள்ள இருந்த அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்குப் போனோம். போனதும் டாக்டரைப் பார்க்கணும்ல? அப்பா நேரா மாடிப்படியைப் பார்க்கப் போயிட்டாங்க. படிக்கட்டுக் கதவைத் தள்ளினாங்க, அது வெளிப்பக்கமாத் திறந்துச்சு. "பாத்தியா, நம்ம கம்பெனி மாதிரியே வெளிய தொறக்கு. உள்ள தொறந்தா கூட்டம் முட்டிக்கிட்டுச் சாகும்"னு எனக்குப் பாடம். தீயணைக்க மாட்டி வச்சிருந்த சிவப்பு வாளியில மணல் இருக்கான்னு கையை விட்டுக் கிண்டினாங்க. வெத்தலை எச்சியோ சிகரெட் துண்டோ இல்லாம சுத்தமான மணல் இருந்துச்சு. பெருக்குற அம்மாகிட்ட, "எத்தனை வருஷமா இங்க இருக்கீக?"ன்னு கேட்டாங்க. "என் மக இங்கதான்யா பொறந்தா, இப்ப காலேஜ் போறா"ன்னுச்சு அந்தம்மா. அப்பா என்னைப் பார்த்துத் தலையாட்டினாங்க. நானும் சும்மா இல்ல, என் கண்ணுக்குத் தெரிஞ்சதை நான் பார்த்தேன். கை கழுவுற இடத்துல சோப்பு கரைஞ்சு தேஞ்சு இருந்துச்சு. தேஞ்ச சோப்பு நல்ல அடையாளம், தம்பி. புது சோப்பு அழகா இருக்கும், ஆனா யாரும் கை கழுவலைன்னு அர்த்தம். வார்டுக்குள்ள ஒரு நர்ஸ் பொண்ணு கட்டில்கிட்ட வந்ததும் முதல்ல நோயாளி முகத்தைப் பார்த்துச்சு, அப்புறம்தான் சார்ட்டை எடுத்துச்சு. எனக்கு அது போதும்னு இருந்துச்சு.

டாக்டர் நாப்பது வயசுக்காரர், ஒல்லியா, தூக்கம் பத்தாத மூஞ்சி. அப்பா அவர் எதிர்ல உக்காந்து, "எனக்கு எல்லாத்தையும் சொல்லணும். ஒண்ணையும் மறைக்கப்பிடாது"ன்னாங்க. அவர் சுவர்ல மாட்டியிருந்த காலண்டர்ல முடிஞ்சுபோன மாசத்துத் தாளைக் கிழிச்சு, பின்பக்கம் இதயத்தை வரைஞ்சார். அப்பா வாங்கிப் பார்த்து, முதல்ல முன்பக்கம் திருப்பி எந்த பிரஸ்ல அச்சடிச்சதுன்னு படிச்சாங்க. நம்ம சிவகாசின்னு இருந்ததும் முகத்துல ஒரு திருப்தி. அப்புறம்தான் இதயத்துக்கு வந்தாங்க. கேள்வி மேல கேள்வி. கடைசியா, "இதுல பொழைக்காமப் போனவக உண்டுமா?"ன்னு கேட்டாங்க. டாக்டர் பேனாவைக் கீழ வச்சுட்டு, "உண்டுங்க. போன மாசம் உங்க வயசுல ஒருத்தரை என்னால காப்பாத்த முடியல. ஏன்னு இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்"ன்னார். நான் எழுந்து ஓடிடலாமான்னு பார்க்கிறேன், அப்பா நல்லாச் சாய்ஞ்சு உக்காந்துட்டாங்க. "எங்க கம்பெனியில விபத்தே நடக்காதுன்னு சொல்ற ஆளை நான் வேலைக்கே சேர்க்க மாட்டேன். என்னைக்கு வரணும் சொல்லுங்க"ன்னாங்க.

ஆபரேஷன் அன்னைக்கு நீ அங்க பிரஸ்ல மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டு ஆஸ்பத்திரி போனுக்கு அரை மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டுக்கிட்டே இருந்தே. லீவு கேட்டு வர்றேன்னு நீ சொன்னதுக்கு வேண்டாம்னு சொன்னவ நான்தான். வந்திருக்கலாம். உன்னைத் தடுத்தது எனக்கு இன்னும் மனசுல இருக்கு. ஆனா அன்னைக்கு நான் தனியா இல்ல. ரத்தம் கொடுக்கணும்னு மாரியப்பன் கம்பெனியில போய்ச் சொல்லியிருக்கான். வேன் நிறைய ஆள். மருந்து கலக்குறவங்க, திரி வைக்கிற அக்காமார், பெட்டி ஒட்டுறவங்கன்னு வரிசையா வந்து இறங்கினாங்க. சீசன்ல ஒருநாள் கூலியை விட்டுட்டு வந்திருக்காங்க. ரத்தம் எடுக்கிற பொண்ணு பஞ்சை வச்சு அவங்க கையைத் துடைக்குது, துடைக்குது, பட்டாசுல சேர்க்கிற வெள்ளிப் பவுடர் போகவே மாட்டேங்குது. "எக்கா, இது அழுக்கா, மேக்கப்பா?"ன்னு அது கேக்க, ஒரு அக்கா, "ஊசி எறக்கு தாயி, ரத்தமும் வெள்ளியாத்தான் வரும்"னு சொல்ல, அந்த ரூமே சிரிச்சுச்சு. ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல உக்காந்து அப்படிச் சிரிப்பேன்னு நான் கனவுலயும் நெனச்சதில்ல. மறுநாள் தொண்டையில இருந்து குழாயை எடுத்ததும் அப்பா பேசின முதல் பேச்சு என்ன தெரியுமா? என்னைக் கிட்டக் கூப்பிட்டு, கீச்சுக் குரல்ல, "சிஸ்டரம்மா, அந்த மிச்சக் காலையும் முடிச்சுட்டாகளா?"ன்னாங்க.

இப்ப உன் விஷயத்துக்கு வர்றேன். மூணு ஆஸ்பத்திரியும் நல்லதாவே இருக்கட்டும். நீ கம்ப்யூட்டரை மூடிட்டு, பெனிட்டாவைக் கூட்டிக்கிட்டு நேர்ல போ. சொல்லிட்டுப் போகாதே, சாதாரணமாப் போ. பார்வையாளர் நேரத்துல வரவேற்பு சோபாவுல உக்காராம, பிரசவ வார்டுக்கு வெளிய உக்காந்திருக்கிற புருஷன்மார் பக்கத்துல போய் உக்காரு. யாராவது வந்து அவங்களுக்கு அவங்க பாஷையில விவரம் சொல்லிட்டுப் போறாங்களான்னு பாரு. டாக்டர் பேரு பெருசா இருக்குன்னு எழுதியிருக்கே. அந்த டாக்டர் உங்க ஊர்ல வெள்ளிக்கிழமை எங்க இருப்பார்னு கேளு. உனக்குத்தான் வெள்ளிக்கிழமை லீவு, உன் புள்ளைக்கு அது தெரியாது. குழந்தை பொறந்ததும் மூச்சுவிடக் கஷ்டப்பட்டா அதே கட்டிடத்துல வச்சுப் பார்ப்பாங்களா, இல்ல ஆம்புலன்ஸ்ல ஏத்தி வேற இடத்துக்கு அனுப்புவாங்களான்னு கேளு. ரத்தம் தேவைப்பட்டா எங்க இருந்து வரும்னு கேளு. இதெல்லாம் அபசகுனம்னு நெனச்சுக் கேக்காம வந்துடாதே. கேட்டதும் முகம் சுளிக்கிற இடத்துல இருந்து எழுந்து வந்துடு. பொறுமையாப் பதில் சொல்லி, தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற இடத்துல இன்னும் கொஞ்ச நேரம் உக்காரு. வீட்டுல இருந்து அங்க போறதுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு ஒரு தடவை நெரிசல் நேரத்துலயும் வண்டி ஓட்டிப் பார்த்துடு.

விசா வந்துட்டா நான் அடுத்த மாசமே வந்துடுறேன். அப்பா ஒரு பட்டியல் வச்சிருக்காங்க, சாத்தூர் சேவுல இருந்து ஆரம்பிச்சு அம்மிக்கல்லுல முடியுது. அம்மிக்கல்லை நான் அடிச்சுட்டேன். வந்த இடத்துல நர்ஸ் வேலை பார்க்க மாட்டேன், அங்க இருக்கிற பொண்ணுங்களுக்கு உத்தரவு போட மாட்டேன்னு இப்பவே எழுத்துல கொடுக்கிறேன். மீறினா நீ கண்ணைக் காட்டு, அடங்கிடுவேன்.

கடைசியா ஒண்ணு. உன் மெயில் பதினொரு பக்கத்துல பெனிட்டாவைப் பத்தி ரெண்டே தடவைதான் வருது. ஒண்ணு, சேர்க்கப்போறது அவளை. இன்னொண்ணு, "அவளுக்கும் சம்மதம்தான்." அதைப் படிச்ச பிறகு என்னால சும்மா இருக்க முடியல. இன்னைக்குக் காலையில, நீ பிரஸ்ஸுக்குப் போயிருப்பேன்னு தெரிஞ்சுக்கிட்டு, அவளுக்குப் போன் போட்டேன். "உனக்கு எந்த ஆஸ்பத்திரிம்மா பிடிச்சிருக்கு?"ன்னு கேட்டேன். "நீங்களும் அவுகளும் எது சொன்னாலும் சரிதான் அத்தை"ன்னா. "நான் அதைக் கேக்கல பெனிட்டா. படுக்கப்போறது நீ. உனக்கு என்ன பயம், எது வேணும், எது வேண்டாம், அதைச் சொல்லு"ன்னேன். அப்புறம் பேச ஆரம்பிச்சா. உனக்குத் தெரியாம மாடி வீட்டு அக்காகூட அவளே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துட்டு வந்திருக்கா. நான் ஒரு வார்த்தை குறுக்க பேசல. அம்புட்டு நேரம் அந்தப் புள்ளை பேசி நான் கேட்டதே இல்ல. முடிச்சப்போ அவ குரல் லேசாச்சு, சிரிச்சா.

அவ என்ன சொன்னா, எந்தப் பேரைச் சொன்னான்னு நான் இங்க எழுதப்போறதில்ல. இதைப் படிச்சு முடிச்சதும் அவ பக்கத்துல உக்காந்து நீயே கேளு. அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்காதே.

உன் அம்மா